சத்திரசிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஏறும் எடை

உடற்பருமனைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் ஒன்றரை வருடம் எடை இறங்கிக்கொண்டே போகும். பிறகு ஓரிடத்தில் நிற்கும். அதற்குப் பிறகு பலருக்கு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும். முதல் இரண்டு கட்டங்களையும் ஊரே பேசும். மூன்றாவதைப் பற்றிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரே வாய் திறக்கமாட்டார். காசு புரட்டி, கொழும்புக்கோ சென்னைக்கோ கூட்டிப்போன குடும்பம் "இவ்வளவு செலவழிச்சும் வாயைக் கட்டத் தெரியேல்லையே" என்று ஒரு சொல் சொல்லிவிடும். அந்தச் சொல்லுக்குப் பயந்து தராசில் ஏறுவதை நிறுத்துகிறார். வைத்தியர் ஏசுவார் என்று கிளினிக்கையும் தவிர்க்கிறார். மூன்று கிலோவில் கவனித்திருக்க வேண்டியது பதினைந்து கிலோவான பிறகுதான் வெளியே வருகிறது. எடை திரும்புவது உடற்பருமன் என்ற இந்த நோயின் இயல்பு என்பதை நோயாளியும் வீட்டாரும் வைத்தியசாலையும் ஒப்புக்கொண்டு, முதல் சில கிலோவிலேயே சிகிச்சைக்குத் திரும்ப வேண்டும். அதற்கான வசதி இலங்கையின் வடக்கிலுள்ள நம் மன்னாரிலேயே இருக்க வேண்டும். இதைத்தான் இந்தக் கட்டுரை வாதிடுகிறது.

ஸ்வீடன் காட்டும் கணக்கு

1987இல் ஸ்வீடனில் தொடங்கிய ஓர் ஆய்வு, சத்திரசிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 2,037 பேரையும் நீண்ட காலம் பின்தொடர்ந்தது. இரைப்பைப் பைபாஸ் முறையில் செய்துகொண்டவர்கள் ஒன்றிரண்டு வருடங்களுக்குள் தம் எடையில் சராசரியாக 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. 120 கிலோ இருந்த ஒருவரை வைத்துப் பார்த்தால், அவர் ஏறத்தாழ 82 கிலோவுக்கு இறங்கி, பத்தாவது வருடத்தில் 90 கிலோவில் நிற்கிறார். வீட்டார் காண்பது கூடிய எட்டுக் கிலோவை. தொடக்கத்தோடு ஒப்பிட்டால் முப்பது கிலோ இன்னும் குறைவாகவே இருக்கிறது. சத்திரசிகிச்சை உயிரையும் காக்கிறது: சராசரியாகப் பதினொரு வருடங்கள் கவனித்ததில், சத்திரசிகிச்சைக் குழுவில் இறப்பு அபாயம் ஏறத்தாழக் கால் பங்கு குறைவாக இருந்தது.

அதே ஆய்வு எச்சரிக்கையும் செய்கிறது. நீரிழிவோடு சத்திரசிகிச்சைக்குப் போனவர்களில் 72 சதவீதத்தினருக்கு இரண்டாவது வருடத்தில் அந்த நோய் அடங்கியிருந்தது. பத்தாவது வருடத்தில் அப்படி இருந்தவர்கள் 36 சதவீதத்தினர் மட்டுமே. சத்திரசிகிச்சை செய்யாதவர்களில் பத்தாவது வருடத்தில் அடங்கியிருந்தது 13 சதவீதத்தினருக்கு என்பதால், பலன் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை அடங்கிய சீனி வருத்தம் சத்தமில்லாமல் திரும்பி வரும் என்பது இதில் தெளிவு. "எனக்கு இப்ப சீனி இல்லை" என்று பரிசோதனையையே நிறுத்திவிட்டவருக்கு அது கண்ணையும் சிறுநீரகத்தையும் தொட்ட பிறகுதான் தெரியவரும். அந்த ஆய்வில் இருந்த முறைகள் பல இன்று வழக்கொழிந்தவை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும், இப்போது அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறை அதில் இல்லை. ஆனாலும் இறங்கி, நின்று, சிறிது ஏறும் அந்தப் போக்கு புதிய முறைகளிலும் காணப்படுகிறது.

உடல் ஏன் எடையைத் திரும்பக் கேட்கிறது

ஸ்லீவ் சத்திரசிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு நேரே பொருத்துகிறார்கள். அதனால் வயிறு நிறைந்ததென்று மூளைக்குச் சொல்லும் ஹோர்மோன்கள் கூடுகின்றன. முதல் வருடத்தில் பசியே தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் உடல் எடை இழப்பைப் பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. ஆய்வாளர் பிரியா சுமித்ரன் முதலானோர் மெல்பேணில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சை இல்லாமல் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த 50 பேரைப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழிந்த பிறகும் அவர்களது பசி ஹோர்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. பசி கூடுதலாகவே இருந்தது. சத்திரசிகிச்சை இந்த எதிர்ப்பைப் பெருமளவு தணிக்கிறது, முற்றாக நிறுத்துவதில்லை. எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறைவதால், சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியும் குறைந்துவிடுகிறது. முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையைக் கூட்டுவது அதனால்தான்.

வேறு காரணங்களும் உண்டு. அவற்றை வைத்தியர்தான் கண்டுபிடிக்க முடியும். பை விரிந்திருக்கலாம், இணைப்பு அகன்றிருக்கலாம். தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை எல்லாம் எடையை ஏற்றும். இன்சுலின், ஸ்டீரொயிட், சில மனநல மருந்துகளும் அப்படியே. பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு இனிப்பு உண்டு ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் சீனி சட்டென்று விழுந்து கை நடுங்கும், வியர்க்கும். நடுக்கம் தீர மறுபடியும் இனிப்பு, மறுபடியும் நடுக்கம். நாளுக்கு நாலு தரம் இப்படி நடந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? இதை "இனிப்பு ஆசை" என்று எண்ணி வெட்கப்பட்டு மறைத்தவருக்கு, சிகிச்சையுள்ள ஒரு கோளாறு பல வருடம் சிகிச்சையில்லாமல் போகிறது.

"வாயைக் கட்டினால் போதாதா?"

இந்தக் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. சாப்பாட்டுப் பழக்கம் தளர்ந்தால் எடை ஏறும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பவர்களுக்கு எடை கூடுதலாகத் திரும்புகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. ஆனால் அதை உள்ளத்தின் உறுதிக்குறைவாகப் பார்ப்பது தவறு, பயனும் இல்லை. மன உறுதியால் மட்டும் இறங்கக்கூடிய எடையாக இருந்திருந்தால் அவருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்பட்டிராது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரின் அழுத்தம் மூன்றாம் வருடம் கூடினால் மருந்தை மாற்றுகிறோம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது. கிளினிக்குக்கு ஒழுங்காக வருபவர்களுக்கு எடை நன்றாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொன்னாலும், நன்றாகக் குறைந்தவர்கள்தான் சந்தோசமாகக் கிளினிக்குக்கு வருகிறார்கள் என்றும் அதைப் படிக்கலாமே? உண்மை. எது காரணம், எது விளைவு என்று அந்தப் புள்ளிவிபரங்கள் மட்டும் முடிவாகச் சொல்லாது. ஆனால் எடையை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் கிளினிக் தேவைதான். சத்திரசிகிச்சை செய்தவருக்கு இரும்பு, விற்றமின் பி12, விற்றமின் டி, கல்சியம், தயமின் ஆகியவை வாழ்நாள் முழுக்கக் குறையும் அபாயம் உண்டு. எடை கூடியவருக்கும் இரத்தசோகை இருக்கும், பார்த்தால் தெரியாது. அதைப் பரிசோதிக்கப் போகும் அதே நாளில் எடையும் பார்க்கப்படுகிறது.

மன்னார்ச் சாப்பாட்டில் தங்குவதும் வழுக்குவதும்

சிறிதாக்கிய இரைப்பையில் எல்லா உணவும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இரண்டு இடியப்பத்தைத் தேங்காய்ப்பாற் சொதியில் ஊறவிட்டுப் பிசைந்தால் அது கூழாகிவிடும். எதிர்ப்பில்லாமல் வழுக்கி இறங்கும். அரை மணியில் மறுபடியும் பசிக்கும். அவித்த ஒரு துண்டுப் பாரை மீனை மென்று விழுங்கினால் அது தங்கி நின்று பசியை அடக்கும். சத்திரசிகிச்சை செய்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் மீன் வாசலுக்கே வருகிறது. விலையுயர்ந்த புரத மா டின் இந்தக் கரைக்குத் தேவையே இல்லை. கோப்பையில் முதலில் மீன், நண்டு, கணவாய், முட்டை அல்லது பருப்பு, அடுத்து மரக்கறி, இடமிருந்தால் கடைசியில் கொஞ்சம் சோறோ பிட்டோ. நம் வழக்கம் நேர் எதிரானது: சோறு குவியல், மீன் ஒரு துண்டு. கருவாட்டில் புரதம் உண்டு, உப்பும் உண்டு. பிறசர் உள்ளவர்கள் அளவோடு நிற்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் சிலருக்கு உணவு விரைவில் இறங்கிவிடும் என்பதால், அரை மணி கழித்துக் குடிக்கச் சொல்வார்கள். மன்னார் வெயிலில் தண்ணீரைக் குறைக்கவும் முடியாது. ஆகவே சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் நிறையக் குடிக்க வேண்டும்.

பனை உணவென்றால் எடை குறையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒடியல் மா பெரும்பாலும் மாச்சத்து, பனங்கட்டியும் சீனிதான். இறாலும் மீனும் தாராளமாகப் போட்டு, மாவைக் குறைத்துக் காய்ச்சிய ஒடியற்கூழ் நல்ல உணவு. புழுக்கொடியலைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் நன்றாக மெல்ல வேண்டும். நார்க்கட்டி ஒடுங்கிய பாதையில் சிக்கக்கூடும். பானங்களில்தான் பெரிய ஓட்டை. சீனி போட்ட பால்தேத்தண்ணி நாளைக்கு ஐந்து தரம், வெயிலுக்கு ஒரு சோடா: இவற்றை எந்தச் சிறிய இரைப்பையும் தடுக்காது. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி இருக்கிறது. அதையாவது பார்த்து வாங்குங்கள். கள்ளு, சாராயம் குடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: பைபாஸுக்குப் பிறகு மதுசாரம் வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. இரண்டாவது வருடத்தில் குடிப்பழக்கக் கோளாறு கூடுவதாக 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

தவக்காலத்தில் மச்சம் தவிர்ப்பவர்களுக்குப் புரதம் சட்டென்று விழும். கடலை, பயறு, பருப்பு, மோர் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நோன்பு பிடிப்பவர்கள் தொடங்குமுன் வைத்தியரைக் காண வேண்டும், முக்கியமாக இன்சுலினோ சீனி மாத்திரையோ எடுப்பவர்கள். பேரீச்சம்பழம், சர்பத், சமோசா என்று நோன்பு திறப்பது விரைந்து எடை ஏற்றும். கோழியோ மாட்டிறைச்சியோ கூடுதலாகப் போட்ட நோன்புக் கஞ்சியே போதும். இரைப்பையைப் பழைய அளவுக்குச் சுருக்குவதாகச் சொல்லிப் பரவும் ஐந்து நாள் நீராகாரத் திட்டங்களை நம்ப வேண்டாம். விரிந்த பை ஐந்து நாளில் சுருங்காது.

இரண்டாவது சத்திரசிகிச்சையும் ஊசியும்

"திரும்ப ஒருக்கா வெட்டினால் சரிதானே" என்பவர்கள் உண்டு. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது, பெரும்பாலும் கடும் நெஞ்செரிவு உள்ளவர்களுக்குப் பொருத்தமானது. ஆனால் இரண்டாவது சத்திரசிகிச்சையில் சிக்கல்கள் கூடுதல். எடையும் முதல் தடவை அளவுக்கு இறங்காது. உடற்கூற்றுக் குறை இருக்கிறதா என்று எண்டொஸ்கொப்பியிலோ எக்ஸ்-கதிரிலோ பார்க்காமல் அதைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளுக்கு வலுவான சான்று இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடை போதிய அளவு குறையாத 70 பேரைக் கொண்டு லண்டனில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், லிராகுளுடைட் பெற்றவர்கள் 24 வாரத்தில் எடையில் 8.82 சதவீதம் இழந்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்கள் இழந்தது 0.54 சதவீதம். ஆனால் இவ்வகை மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும். இதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைட்டை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மாதா மாதம் காசு கட்டி வருடக்கணக்கில் தொடர முடியுமா என்பதைக் குடும்பத்தோடு பேசிய பிறகே தொடங்க வேண்டும். வைத்தியரில்லாமல் பாமசியில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தல்ல இது.

மன்னாரிலேயே செய்யக்கூடியது

மன்னாரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஐந்து நிமிடம் வைத்தியரைப் பார்க்க ஓர் இரவுப் பயணம், ஒரு நாள் கூலி இழப்பு. மூன்றாம் வருடத்தில் கிளினிக்கை விடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. வடக்கின் தேவை கணக்கெடுக்கப்படாமலே போன வரலாறும் நமக்குண்டு: 2005–2006இல் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, வயது வந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்டது. அதில் ஏழு மாகாணங்களே சேர்க்கப்பட்டன, வடக்கும் கிழக்கும் இல்லை.

"இந்தச் சத்திரசிகிச்சை தெரிந்தவர் மன்னாரில் யார் இருக்கிறார்?" என்று கேட்கலாம். பின்தொடர்தலில் பெரும்பகுதிக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, இடுப்புச் சுற்றளவு, பிறசர். வருடத்துக்கு ஒருமுறையாவது சீனி, இரும்பு, விற்றமின் பரிசோதனைகள். எடுக்கும் மருந்துகளை ஒருமுறை சரிபார்த்தல். மனநிலை பற்றி ஒரு கேள்வி. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்கில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்ய முடியும். இல்லாத பரிசோதனையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம். மிகக் குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறினால் சத்திரசிகிச்சை செய்த வைத்தியரோடு தொலைபேசியில் பேசுவது என்று ஒரு நடைமுறை இருந்தால் போதும். கிளினிக்கில் ஏற்கெனவே சனம் நிறைந்து வழிகிறது என்பது நியாயமான கவலைதான். ஆனால் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலரே. இவர்களைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரக நோயாளிகளாக, மாரடைப்பு நோயாளிகளாக இதே வைத்தியசாலைக்குத்தான் திரும்பி வருவார்கள்.

நீங்கள் சத்திரசிகிச்சை செய்துகொண்டவராக இருந்து எடை திரும்ப ஏறியிருந்தால், இந்தக் கிழமையே ஒரு தரம் எடை பாருங்கள். டயக்னோசிஸ் கார்ட்டையும் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். விடாத வாந்தி, கறுப்பு மலம், கடும் வயிற்றுவலி, பார்வைத் தடுமாற்றம், காலில் எரிவு இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போங்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரை ஏசாமல் கூடப் போங்கள்.