பச்சை விளக்கு பொய் சொன்னால்?

பச்சை விளக்கு எரிந்தால் 'நியூட்ரல்' என்று நம்பித்தான் நம் பழைய கப்சாயை உதைக்கிறோம். ஒரு விடியற்காலை, கியரில் இருந்தபோதே என் வண்டியில் அது எரிந்தது. உதைத்ததும் வண்டி பாய, லயத்து வாசலில் நின்ற என் மகள் மயிரிழையில் தப்பினாள்!

நியூட்ரலில் மட்டுமே கியர்பெட்டிச் சுவிட்ச் அந்த விளக்கின் வயரை எஞ்சின் இரும்போடு இணைக்க வேண்டும். ஹோண்டா வண்டிகளில் அது இளம்பச்சையில் சிவப்புக் கோடிட்ட வயர். உறை தேய்ந்து அது இரும்பில் உரசினாலும் விளக்கு எரியும்.

சாவியைத் திறந்து, சுவிட்ச் முனையிலிருந்து வயரைக் கழற்றுங்கள். பிறகும் எரிந்தால் வயரில் கோளாறு, அணைந்தால் சுவிட்சில்.

விளக்கு எரியவே இல்லையா? கழற்றிய முனையை எஞ்சின் இரும்பில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்சைப் பாருங்கள். இல்லையேல் பல்பு, வயர், பேட்டரியைப் பாருங்கள்.

பழுது தீரும்வரை, வண்டிக்கு முன்னால் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள்.