மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சாடியில் வைத்த கொச்சிக் கன்றுகள் ஒரு முழம் வளர்ந்ததும் மஞ்சளிக்கத் தொடங்கின. யூடியூப்பில் சொன்னபடி யூரியா போட்டேன். பிறகு எப்சம் உப்பு, அதற்குப் பிறகு முட்டைக்கோது. ஒன்றும் சரிவரவில்லை. வேறு என்ன பசளை போடலாம்?" கூடவே ஒரு படம். அதில் அடியிலைகள் நல்ல கரும்பச்சை. நுனியில் விரியும் இளம் இலைகள் மட்டும் வெளிர் மஞ்சள். அவற்றின் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெளிவாகத் தெரிகின்றன.

அந்தப் படமே விடையைச் சொல்லிவிடுகிறது. இலை மஞ்சளித்தால் முதலில் பார்க்க வேண்டியது, மஞ்சள் அடியில் தொடங்கியதா நுனியில் தொடங்கியதா என்பதைத்தான். ஒற்றை இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லிவிடுவதாக விளம்பரம் செய்யும் கைபேசிச் செயலிகள் தடுமாறுவதும் இங்கேதான். அந்த இலை செடியின் எந்த உயரத்தில் இருந்தது என்பது படத்தில் இருக்காது.

நைதரசன் குறைந்தால் அடியிலைதான் முதலில் வெளிறும். மண்ணிலிருந்து வரத்து குறைந்ததும் செடி தன் முதிர்ந்த இலையைப் பிரித்தெடுத்துத் துளிருக்கு ஊட்டுகிறது. நம் கரையோர ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் உம்மா வாப்பாவை நினைத்துப் பாருங்கள். கையிருப்பு தீர்ந்தால் பழைய வீட்டின் கதவு, யன்னல், ஓடு எல்லாம் கழன்று மகளின் வீட்டுக்குப் போகும். இலையில் அந்தக் கதவும் யன்னலும் புரதங்கள். இலையின் நைதரசனில் பெரும்பகுதி பச்சையவுருமணிகளுக்குள் புரதமாகத்தான் இருக்கிறது. அதிலும் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற ஒரே நொதியம், இலையின் கரையும் புரதத்தில் ஏறக்குறையப் பாதி. செடி அதைச் சின்னப் பொட்டலங்களாகக் கிள்ளியெடுத்து, புன்வெற்றிடத்தில் போட்டு, அமினோவமிலங்களாக உடைத்து, உரியத்தின் வழியே மேலே அனுப்புகிறது.

வீட்டைக் கழற்றுமுன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டுமே. இலையில் அந்த உயிருள்ள மின்கம்பி, பச்சையம். புரதத்தின் பிடியிலிருந்து விடுபட்ட பச்சையத்தின் மேல் வெளிச்சம் பட்டால் அது ஒட்சிசனை நச்சு வடிவமாக்கும், கலமே கருகிவிடும். அதனால் செடி பச்சையத்தின் நடுவிலுள்ள மகனீசியத்தை அகற்றி, வளையத்தை அறுத்து, நிறமற்ற பொருளாக்கிப் புன்வெற்றிடத்தில் பூட்டுகிறது. ஒவ்வொரு பச்சைய மூலக்கூறிலும் நான்கு நைதரசன் அணுக்கள் உண்டு. அத்தனை பசியிலும் செடி அவற்றை மீட்பதில்லை, உதிரும் இலையோடு போகவிடுகிறது. முதிர்ந்த இலையில் பச்சை மறைந்து கரோட்டினொயிட்டுகளின் மஞ்சள் தெரியவருவது, பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு வேலையின் விளைவு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

கதவைக் கழற்றலாம், கிணற்றைக் கழற்ற முடியாது. இரும்பு செடியின் கிணறு. பழைய இலையில் குடியேறிய இரும்பு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். புது வீட்டுக்குப் புதுக் கிணறு வெட்டுவதுபோல, துளிருக்கு வேண்டியதை வேர் அன்றாடம் மண்ணிலிருந்து எடுத்தாக வேண்டும். எடுக்க முடியாதபோது அடியிலை பச்சையாகவே இருக்க, நுனியிலை நரம்பு தெரிய மஞ்சளிக்கும். வாசகியின் கன்றுக்கு நேர்ந்ததும் அதுதான்.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் பீஎச் ஒரு படி ஏறினால் கரைந்திருக்கும் பெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். தண்ணீர் இருந்தும் கயிறு எட்டாத ஆழம். கொச்சி வேர் அமிலத்தைச் சுரந்து அந்த இரும்பைக் கரைக்கப் பார்க்கும்; மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் சுரந்த அமிலமெல்லாம் அதோடு போய்விடும். சுனாமிக்குப் பிறகு இடித்துக் கட்டிய நம் வளவுகளின் மணலில் சீமெந்தும் சாந்தும் சிப்பித் தூளும் கலந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணை அள்ளிச் சாடியில் போட்டு, மேலே முட்டைக்கோதையும் சேர்த்தால் சுண்ணாம்பு இன்னும் கூடும்; அதுவும் கல்சியம் காபனேற்றுத்தான்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1840களில் பிரான்சின் இயூசேப் கிரி வெளிறிய இலைகளில் இரும்பு உப்பைப் பூசிப் பச்சையாக்கிக் காட்டினார். பச்சையம் உடைந்தபின் என்னவாகிறது என்பது மட்டும் வெகுகாலம் பிடிபடவில்லை. 1991இல்தான் பார்லி இலையிலிருந்து அந்த நிறமற்ற பொருளின் அமைப்பு முதன்முதலாகத் தெரியவந்தது.

நைதரசன் இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதை 2021/22 பெரும்போகத்தில் அம்பாறை விவசாயிகள் வயலில் நின்றே கண்டார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை போதும் என்றார்கள். அதில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதுவும் நுண்ணுயிர்கள் உடைத்துத் தரும் வேகத்தில்தான் கிடைக்கும். வெள்ளாமை அதுவரை காத்திராது. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்தது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூடைக்கு ஈடு என்றது விளம்பரம். கணக்கைப் பாருங்கள்: நூற்றுக்கு 4 பங்கு நைதரசன் கொண்ட அரை லீற்றரில் இருப்பது 20 கிராம். மூடையில் இருப்பது 20 கிலோவுக்கும் மேல். யூரியாவில் மூன்றில் இரண்டு பங்கு வீணாவதாகவே வைத்தாலும் பயிருக்கு 7 கிலோ சேர்கிறது. துகளை எவ்வளவு சிறிதாக்கினாலும் இல்லாத அணு இலைக்குள் போகாது. நவம்பரில் தடை நீங்கியபோது காலம் கடந்திருந்தது. நாட்டின் அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் முந்தியதைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே எனக்குப் பிடித்த கருவி, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இலை நிற அட்டை. பச்சையின் நான்கு சாயல் கொண்ட பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். முழுதாக விரிந்த உச்சி இலையின் நடுப்பகுதியை, வெயில் படாமல் உங்கள் உடல் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். யூரியா இன்று வேண்டுமா, பொறுக்கலாமா என்று அது சொல்லிவிடும்.

சாய்ந்தமருது வாசகிக்கு: யூரியாவையும் முட்டைக்கோதையும் நிறுத்துங்கள். எப்சம் உப்பு மகனீசியம் தருவது. மகனீசியக் குறை அடியிலையில் தெரியும், உங்கள் அடியிலை நலமாகத்தான் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரசு சல்பேற்றைக் கரைத்து, மாலையில் ஒரு மஞ்சள் இலையின் ஒரு பாதியில் மட்டும் பூசுங்கள். சில நாளில் பூசிய பாதி பச்சையேறினால் குறை இரும்புதான். அடுத்த கன்றுக்குச் சாந்து கலக்காத மண்ணையும் மக்கிய எருவையும் எடுங்கள்.

அடி, நுனி என்ற இந்தக் கணக்குக்கு அடங்காத மஞ்சளும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறு உவர்த்து இலையின் ஓரம் கருகினால் அது உப்பு. சாடியில் நீர் தேங்கிச் செடி முழுவதும் வெளிறினால் வேர் மூச்சுத் திணறுகிறது. மஞ்சளோடு இலை சுருண்டு, அடியில் வெள்ளை ஈக்கள் பறந்தால் அது பெரும்பாலும் வைரசு. எந்தப் பசளையும் தீர்க்காது. அந்தக் கன்றைப் பக்கத்துச் சாடிகளுக்குப் பரவுமுன் பிடுங்கி எரித்துவிடுங்கள்.