பத்து பெரெண்டாம் ஓடுபாதையும் பக்கத்து நிலங்களும்

விமான நிலையத்தின் எல்லை அதன் கம்பிவேலியோடு முடிவதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் வேலிக்கு வெளியே, பிறர் நிலத்தின் மீதும், கண்ணுக்குப் புலனாகாத ஒரு கூரை பரந்து கிடக்கிறது. அதைத் துளைத்து மேலெழும் மரமோ கம்பமோ கட்டடமோ விமானத்துக்கு இடையூறாகும்.

1944-இல் சிக்காகோவில் உருவான அனைத்துலக உடன்படிக்கையின் 14-ஆம் இணைப்பு இக்கூரையின் அளவை வகுத்துரைக்கிறது. கருவிகளின் துணைகொண்டு விமானம் இறங்கும் நீண்ட ஓடுபாதையாயின், அதன் முனைக்கு 60 மீட்டர் அப்பால் சரிவு தொடங்கும். 50 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் வீதம் உயரும். ஆகவே அங்கிருந்து 1,000 மீட்டர் சென்றால் கூரையின் உயரம் 20 மீட்டர் மட்டுமே. நன்கு வளர்ந்த பால்மரமோ 25 மீட்டரை எட்டிவிடும்!

மலாக்காவின் பத்து பெரெண்டாம் நிலையத்தில் 1,372 மீட்டராயிருந்த ஓடுபாதை, பின்னர் 2,135 மீட்டராக நீட்டப்பட்டது. ஓடுபாதை நீளும்போது கூரையும் உடன் நகர்கிறது. ஒரு முனை 500 மீட்டர் முன்னேறினால், அதற்கெதிரே நிற்கும் மரத்தின் மேலுள்ள கூரை 10 மீட்டர் தாழ்ந்துவிடும். மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நேற்றுவரை குற்றமற்றிருந்தது, இன்று இடையூறாகிவிடுகிறது. தார் போடும் செலவைக் கணக்கிடுவோர் இதையும் முதலிலேயே கணக்கிடுவது நன்று.

பால்மரத்துக்குப் பதிலாகச் செம்பனை நடலாமே எனலாம். உயரத்தைப் பொறுத்தவரை அது சரியே. மரம் ஓங்கிக் குலை வெட்டுவது கடினமாகும் 25 ஆண்டளவில் மறுநடவு நடந்துவிடும். ஆனால் செம்பனைப் பழத்தைத் தேடி எலி வரும். எலியை ஒழிக்கப் பெட்டிக்கூடு அமைத்துக் கூகை வளர்ப்பது நம் நாட்டுத் தோட்டங்களில் காணும் வழக்கம். இரவில் திறந்த புல்வெளியில் இரை தேடும் கூகை, ஓடுபாதைக்கு நல்ல அண்டைவீட்டுக்காரனன்று. பறவைதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. 1960 அக்டோபர் 4-இல் பாஸ்டனில் எழும்பிய விமானமொன்றின் எஞ்சின்களில், நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பறவைகள் கூட்டமாகப் புகுந்தன. 62 பேர் மாண்டனர். திறந்த குப்பைமேடு ஓடுபாதைக்கு அருகே கூடாதென்பதும் இதனாலேயே.

தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகும்போது சிக்கல் வேறு உருவெடுக்கிறது. சிலாங்கூரின் எல்மினா தோட்டத்தைப் பார்ப்போம். 1977 செப்டம்பர் 27-இல் சுபாங்கில் இறங்கவேண்டிய ஜப்பானிய விமானமொன்று, குறித்த உயரத்துக்குக் கீழே தாழ்ந்து அத்தோட்டத்துக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தனர். அனைவரும் விமானத்தில் இருந்தோர். காலப்போக்கில் எல்மினா நகரமாயிற்று. 2023 ஆகஸ்ட் 17-இல் அங்கே சாலையில் ஒரு சிறு விமானம் விழுந்தபோது, அதிலிருந்த 8 பேரோடு சாலையில் சென்ற 2 பேரும் உயிரிழந்தனர். இவ்விரு விபத்துக்கும் மரமோ வீடோ காரணமன்று. ஆயின் கீழே இருப்போர் மாறியிருந்தனர்.

மரத்தை வெட்டிவிடலாம்; குடியேறிய குடும்பங்களை என்செய்வது? பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் நிலத்தைத் துண்டாட மனு வரும்போதே, நகராண்மைக் கழகம் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உயரக் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். அடித்தளம் போட்டபின் பார்ப்பதில் பயனில்லை.