கண்டதை முதலில் சொல்லுங்கள்
தில்லி வகுப்பறைகள் – 7

சாணக்யபுரி என்றால் தூதரகங்கள்தான் பலருக்கு நினைவு வரும். அந்த அகன்ற சாலைகளை ஒட்டியே தில்லிப் பல்கலைக்கழகத்தின் இரண்டு மகளிர் கல்லூரிகளும் இருக்கின்றன. மைத்ரேயி கல்லூரி 1967-இல் தொடங்கியது. ஜீசஸ் அண்ட் மேரி கல்லூரி அதற்கு அடுத்த ஆண்டு. சார்க் நாடுகள் சேர்ந்து நிறுவிய தெற்காசியப் பல்கலைக்கழகமும் 2023-இல் தன் சொந்த வளாகத்துக்குப் போகும்வரை பல ஆண்டுகள் இங்கே அக்பர் பவனில்தான் நடந்தது.

2022-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் புதிய பாடத்திட்டத்தில் சேர்ந்த முதல் அணி, 2025-இல் நான்காம் ஆண்டுக்கு வந்தது. அந்த ஆண்டில் ஆய்வேடு எழுதவும் வழி உண்டு. முனைவர் பட்ட மாணவர்களுக்கே உரியது என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த ஆய்வரங்க மேடை, இப்போது இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்கென்றே தேசிய ஆய்வு மாநாடு 1987-இல் தொடங்கிவிட்டது. நாம் தாமதமாக வந்திருக்கிறோம், வந்தவரைக்கும் நல்லது.

அந்த மேடைக்கு வாசல், பெரும்பாலும் 250 அல்லது 300 சொற்களுக்குள் அடங்க வேண்டிய ஆய்வுச் சுருக்கம். அப்ஸ்ட்ராக்ட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல ஆய்வுகள் பல இந்த வாசலிலேயே திரும்பிப் போகின்றன.

சாணக்யபுரியிலேயே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தூதரகங்களின் பின்புறம் விவேகானந்தா கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. 2024 கோடையில் தண்ணீர் லாரி வந்ததும் மக்கள் குழாய்களோடு ஓடிய காட்சியைச் செய்திகளில் நாடே பார்த்தது. பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி இதை ஆய்வுக்கு எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கத்தில் பாதியை உலகத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் கொடுத்துவிட்டு, "நகர்ப்புற ஏழைகளின் நீர்ச் சிக்கலைப் பல கோணங்களில் ஆராய இக்கட்டுரை முயல்கிறது" என்று முடிப்பாள். இதில் அவள் கால்நோக நடந்த நடையே இல்லை. எத்தனை வீடுகளில், எந்த மாதங்களில், என்ன கேட்டாள்? லாரி வரும் நேரம் தெரியாததால் வேலைக்குப் போவதை விட்ட பெண்கள் எத்தனை பேர்? இவற்றைச் சொன்னால்தான் அது ஆய்வு. பதினெட்டு வீடுகள்தான் என்றால் பதினெட்டு என்றே எழுதட்டும். தேர்வுக் குழு எண்ணிக்கையைவிட நேர்மையைத்தான் முதலில் தேடும். அப்படித் தேடாத குழு மதிப்புள்ள குழு அல்ல.

குடிசைப் பகுதிகளில் செய்யும் ஆய்வுக்கு இன்னொரு கடமையும் உண்டு. வீட்டை எப்போது இடிப்பார்களோ என்று பயந்து வாழ்கிறவர்கள் நம்பிச் சொன்னதை, பெயரோடும் கதவு எண்ணோடும் போஸ்டரில் போடக் கூடாது. படம் எடுக்கும்போதே, அதை மேடையில் காட்டப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

போஸ்டரா, பேச்சா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். புள்ளிவிவரமும் படமும் நிறைந்த வேலைக்குப் போஸ்டர் பொருந்தும். ஏ0 தாள் 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. உயரம், ஆறடி தள்ளி நின்று படிக்க முடியாத எழுத்து அதில் வீண். பெயர் மறைத்து மதிப்பிடும் அரங்கு என்றால், சுருக்கத்துக்குள் கல்லூரிப் பெயர்கூட வரக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாணவியின் சுருக்கத்தைத் திருத்துங்கள். நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். வெயிலில் வீடு வீடாகப் போனவள் பெயர்தான் முதலில் வர வேண்டும். வழிகாட்டியின் பெயரை முன்னால் போடும் வழக்கம் பல துறைகளில் இன்னும் இருக்கிறது. அது பிள்ளையின் உழைப்பைப் பறிப்பது. பிறர் எழுத்தை எடுத்தாள்வதிலும் கண்டிப்பு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டினாலே நடவடிக்கை உண்டு. அதை முதலாண்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகு பதிவுக் கட்டணமும் ரயில் கட்டணமும் இல்லாமல் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், குறிப்பாகக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். இதைப் படிக்கும் கல்லூரி முதல்வர்கள், தில்லியில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும், வரும் ஆண்டு வரவுசெலவில் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.