பெயரை மறைத்தார், ஆட்டத்தை மறைக்க முடியவில்லை!

ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த அந்த வாலிபருக்கு அப்போது வயது 19. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சீட்டு ஆடுவதுதான் அவருடைய தொழில்!

2009-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி. அந்த ஒரே நாளில் அவர் தோற்ற பணம் சுமார் 42 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 19 கோடி ரூபாய்க்கும் மேல்!

யார் அவர்? பணம் எப்படிப் போயிற்று?

மிரட்டல் ஆட்டம்

அவர் ஆடியது "போக்கர்" என்னும் சீட்டாட்டம். கையில் உள்ள சீட்டைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும். ஒருவர் கட்டியதற்கு மேல் இன்னொருவர் ஏற்றிக் கட்டலாம். நல்ல சீட்டு இல்லாதவரும், இருப்பதுபோலப் பெரும் பணம் கட்டி மிரட்டுவார். எதிரி பயந்து விலகினால், பணம் முழுவதும் மிரட்டியவருக்கே!

நேரில் ஆடினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். கை நடுங்கும். கம்ப்யூட்டரில் அந்தப் பயம் இல்லை. முகம் தெரியாது. சொந்தப் பெயரும் வேண்டாம். புனைபெயர் போதும்.

மர்ம மனிதர்

இந்த வாலிபர் வைத்துக்கொண்ட பெயர் "இசில்டுர்-1". ஆங்கிலக் கதை ஒன்றில் வரும் அரசனின் பெயர் அது.

டாம் டுவான், பில் ஐவி, பாட்ரிக் அன்டோனியஸ் ஆகிய பெரிய ஆட்டக்காரர்களோடு அவர் மோதினார். ஒரே சமயத்தில் பல மேசைகளில் ஆடினார். லட்சம் லட்சமாக வென்றார், தோற்றார். நவம்பர் 21-ந் தேதி ஒரே ஆட்டத்தில் சுமார் 13½ லட்சம் டாலர் குவிந்தது. கம்ப்யூட்டர் போக்கரில் அதுவரை அவ்வளவு பணம் குவிந்ததில்லை. அதை அன்டோனியஸ் தட்டிச் சென்றார்.

"யார் இந்த இசில்டுர்?" என்று எல்லோரும் கேட்டார்கள். பதில் கிடைக்கவில்லை.

வலை விரித்தார்கள்

டிசம்பர் 8-ந் தேதி அவரை எதிர்த்தவர் பிரையன் ஹேஸ்டிங்ஸ். அமெரிக்கக் கல்லூரி மாணவர். சுமார் 5 மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

ரகசியம் பிறகு வெளிவந்தது. கம்ப்யூட்டரில் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகிவிடும். ஹேஸ்டிங்சும் அவருடைய நண்பர்கள் இருவரும், இசில்டுர் ஆடிய ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அலசிப் பார்த்திருந்தார்கள். எப்போது மிரட்டுகிறார், எப்போது பின்வாங்குகிறார் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

நண்பர்களில் ஒருவர், தான் ஆடாத ஆட்டங்களின் பதிவுகளையும் வாங்கிச் சேர்த்திருந்தார். அது விதிக்கு விரோதம். ஆட்டத்தை நடத்திய கம்பெனி அவருக்கு அளித்திருந்த அந்தஸ்தை ஒரு மாதம் பறித்தது. ஆனால் போன பணம் போனதுதான்!

முகம் தெரிந்தது

2011-ம் ஆண்டு ஜனவரி மாதம், பஹாமாஸ் தீவில் மர்மம் உடைந்தது. "நான்தான் இசில்டுர்" என்று மேடையில் வந்து நின்றார், விக்டர் புளோம் என்ற வாலிபர். அடுத்த ஆண்டு அதே தீவில், முகத்தை மறைக்காமல் நேருக்கு நேர் ஆடினார். சுமார் 12½ லட்சம் டாலர் பரிசு பெற்றார்!

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. ஒருவர் பெறுவது இன்னொருவர் இழந்த பணம். ஆட்டத்தை நடத்தும் கம்பெனிக்கோ குவியும் பணத்தில் ஒரு பங்கு உண்டு.

யார் வென்றாலும் அதற்குத் தோல்வியே இல்லை!