பெயர் பொறித்த கல், ரேகை பதித்த தாள்

கல்லறைத் தோட்டமும் ஒரு பிரதிதான். யாருடைய சாவைக் குறித்துவைக்கத் தக்கதென ஓர் அதிகாரம் கருதியது என்பதை அதில் வாசிக்கலாம். கோலார் தங்கவயல் இந்த வாசிப்புக்குத் தோதான இடம். தமிழகம், ஆந்திரம், கர்நாடகம் மூன்றும் நெருங்கிவரும் எல்லைப்புறம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் ராஜ்ஜியம், 1956இல் அரசுடைமை, 2001 பிப்ரவரி 28இல் மூடல். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தலித் மக்களே பெருமளவில் அந்தக் குழிக்குள் இறங்கியவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே.

பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் ரயிலில் போனேன். சயனைடு மண்மேடுகளைத் தாண்டி வெள்ளைக்காரர் கல்லறைகள். கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள். சிலுவை உடைந்திருந்தாலும் பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் படிக்க முடிகிறது. தொழிலாளர் சுடுகாட்டில் படிக்க எதுவும் இல்லை. மேடு, முள், மறுபடி மேடு. கூட வந்த பெரியவர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, கையை நீட்டிக் காட்டினார்: "எங்க நைனாவ இங்கதான் எங்கியோ பொதச்சாங்க கண்ணு. ஏர் பிளாஸ்ட்ல போனாரு. கல்லு நடணும்னா காசு வேணாமா?" பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதைத்தான் அங்கே ஏர் பிளாஸ்ட் என்கிறார்கள்.

கம்பெனிக்கு இவர்களுடைய பெயர் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். சம்பளப் பட்டியலில் இருந்தது. போதாதென்று 1930இல் எல்லாருடைய கைரேகையையும் பதியச் சொன்னார்கள். கைரேகையை அடையாளமாக்கும் நிர்வாக முறையே காலனி இந்தியாவில் வளர்ந்ததுதான். கல்கத்தாவில் 1897இல் அதற்கென்று தனி அலுவலகமே திறந்தார்கள். குற்றவாளிக்கு எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இங்கே ஃபூக்கோ உதவுகிறார். ஒரு காலத்தில் எழுதப்படுவது மேலோரின் சலுகை, அது நினைவுச் சின்னம். பிறகு கீழோரும் எழுதப்பட்டார்கள், ஆனால் ஆளப் பயன்படும் ஆவணமாக என்கிறார் அவர். அவர் இதை அடுத்தடுத்த இரு காலங்களாகச் சொல்கிறார். தங்கவயலிலோ இரண்டும் ஒரே காலத்தில், ஒரே கம்பெனியின் நிழலில், நிறத்தையும் சாதியையும் ஒட்டிப் பங்கிடப்பட்டிருக்கின்றன. வெள்ளை கேப்டனுக்குப் பெயர் பொறித்த கல். தமிழ்க் கூலிக்கு ரேகை பதித்த தாள்.

நான் இருப்பது சேரப்பணஞ்சேரி. ஓரகடம் ஆலைகளுக்குப் போகிற பிள்ளைகள் வாசலில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். 1930ஐப் பற்றி ஒரு பையனிடம் சொன்னேன். "வெரல் வைக்கறதுக்கா ஸ்ட்ரைக்கு? அதுல என்னாண்ணே இருக்கு?" என்றான். ஒப்பந்தக் கூலிக்கு ஊர்விட்டு ஊர் வந்து தங்கியிருக்கும் பையன். அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. பதிவு இல்லாவிட்டால் சம்பளமே இல்லை என்ற நிலையில் பதிவை எதிர்ப்பது எப்படி?

தொழிலாளர்கள் தாங்களாக எழுதிக்கொண்டதும் உண்டு. 1946 நவம்பர் 4இல் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். அவர்களைச் சங்கம் தன் தியாகிகளாக்கி நினைவுநாள் வைத்தது. கம்பெனி தராத கல்லறைத் தகுதியை இவர்களே தந்துகொண்டார்கள். அதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வேர்விட்டிருந்தது. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. அயோத்திதாசரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே அச்சிட்டது.

பெரியவரிடம் அந்தப் புத்தகங்களைப் பற்றிக் கேட்டேன். "எங்க தாத்தா பொட்டியில இருந்துச்சு. கரையான் தின்னது போக மிச்சத்த யாரோ ஆராய்ச்சிக்கின்னு வாங்கினு போனாங்க" என்றார்.