எழுந்து நிற்க ஒரு நாற்காலி

சக்கர நாற்காலியே கதி என்றிருப்பவர்களுக்குச் சமயத்தில் அதுவே வினையாகிவிடுகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் புண் வரும், ரத்த ஓட்டம் மந்தமாகும், எலும்பு பலமிழக்கும். அவ்வப்போது நின்றால் நல்லது. ஆனால் கால் செயலிழந்தவர் எப்படி நிற்பது? தூக்கி நிறுத்தும் நாற்காலிகள் வெளிநாட்டில் உண்டு. விலைதான் எட்டாது.

சென்னை ஐ.ஐ.டி.யின் இயந்திரப் பொறியியல் பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசன் கை வைத்தது இங்குதான். அவரது குழு உருவாக்கி 2019-ல் அறிமுகமான 'அரைஸ்' நாற்காலியில், உட்கார்ந்திருப்பவர் பிறர் உதவியின்றித் தானே நிமிர்ந்து நிற்கலாம். அறிமுக விலை சுமார் 15,000 ரூபாய்.

அடுத்து முழங்கால். தொடையோடு காலை இழந்தவர்களுக்காக 2022-ல் வந்தது 'கதம்' செயற்கை மூட்டு. பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா அமைப்பும் இதில் கைகோத்தது. ஒரே அச்சில் மடங்கும் சாதாரண மூட்டு, நடக்கும்போது சட்டென்று மடிந்து ஆளைக் கவிழ்த்துவிடக்கூடும். பல அச்சுகளில் இயங்கும் கதமில் தடுக்கி விழும் அபாயம் குறைவு. அது 160 டிகிரி வரை மடங்கும். காகிதத்தில் இது வெறும் எண்தான். நீட்டிய காலோடு டவுன் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இடம் தேடித் திண்டாடியவர்களுக்கோ, மற்றவர்களைப் போல் மடக்கி உட்கார்ந்து போகும் வசதி.